நம்ம தெல்மா

ஹெஸ்ல் ரோடு, ஹல்
1966 நவம்பர் 9

தெல்மாவுக்கு,

அம்மாவை வெள்ளிக்கிழமை அடக்கம் செய்தோம். நீ அனுப்பிய மலர்வளையம் வந்து சேர்ந்தது. வந்த வளையங்களிலேயே பெரியது அதுதான். அட்டையில் 'ஆழ்ந்த துயரத்துடன்' என்று அச்சடித்திருந்தது. உன் கையால் நாலு எழுத்து எழுதியிருந்தால் சவப்பெட்டியின் மேலேயே வைத்திருப்பேன். இதைப் பக்கத்தில் சாய்த்து வைத்தேன்.

அதற்காக இந்தக் கடிதம் இல்லை. அடக்கம் முடிந்து எல்லாரும் நம் வீட்டில் பன்றிக்கறி ரொட்டி தின்றுகொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டு ஐவி என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"ஏண்டி ஹில்டா, நம்ம தெல்மா அடக்கத்துக்கு வரல, சரி. போன மாசம் வந்தாளே, அப்பவாவது எங்கிட்ட ஒரு வார்த்த பேசியிருக்கலாம்ல?" என்றாள்.

"யாரு வந்தா?"

"அட, பச்சக் கோட்டு போட்டுக்கிட்டு. செவ்வாக்கிழம. நீ வேலைக்குப் போயிருந்த. ஒரு மணி நேரம் உள்ள இருந்தா. நான் சன்னல் தொடச்சிக்கிட்டு இருந்தேன். அந்த மூக்கப் பாத்தா தெரியாதா எனக்கு? உங்கப்பன் மூக்கு!"

அந்தச் செவ்வாய்க்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வேலை முடிந்து வந்தபோது மேசைமேல் ரோஜாப்பூக் கோப்பை இரண்டு இருந்தன. "பார்வ இல்லாதவங்க சங்கத்துலேருந்து ஒரு அம்மா வந்தாங்கடி. என்னா பேச்சு! ரேடியோவுல பேசுற மாதிரியே" என்று அம்மா சொன்னாள்.

நீதானா அது? பெற்ற தாயின் எதிரில் உட்கார்ந்து, யாரோ சங்கத்து அம்மா மாதிரி டீ குடித்துவிட்டு எழுந்து போனாயா? கண் தெரியாதவள், குரலை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிப்பாள் என்று உனக்குத் தெரியும். மூன்று வாரத்தில் போய்விட்டாள். நீ வந்தது தெரியாமலே போய்விட்டாள்.

ஆமாவா இல்லையா, ஒரு வரி எழுது.

ஹில்டா


லண்டன்
1966 நவம்பர் 14

அன்புள்ள ஹில்டா,

உன் கடிதம் கிடைத்தது. ஆம், நான் வந்திருந்தேன். லீட்ஸில் ஒரு ஒலிப்பதிவு இருந்தது. அது முற்பகலிலேயே முடிந்துவிட்டதால் ரயிலேறி ஹல் வரை வந்தேன். நீ வீட்டில் இருப்பாய் என்று எண்ணியே வந்தேன்.

கதவைத் திறந்ததும் அம்மாவே என்னைச் சங்கத்திலிருந்து வருபவள் என்று எடுத்துக்கொண்டாள். உடனே மறுத்திருக்க வேண்டும்தான். ஆனால் அவளுடைய இதயம் பலவீனமாக இருப்பதாக நீ போன வருடம் எழுதியிருந்தாய். திடீரென்று அதிர்ச்சி தருவது சரியல்ல என்று தோன்றியது. தகுந்த நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று காத்திருந்தேன். அந்த நேரம் அமையவில்லை.

அடக்கத்திற்கு வர இயலாமற் போனது குறித்து வருந்துகிறேன். அந்த வாரம் என் வேலையை மாற்றி அமைக்க முடியவில்லை.

இதற்கு மேல் இதைப் பற்றி எழுதுவதால் நம் இருவருக்கும் நன்மை இல்லை என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
தெல்மா


ஹல்
1966 நவம்பர் 20

தெல்மாவுக்கு,

'இயலாமற் போனது குறித்து வருந்துகிறேன்.' ஆகா! தண்ணீர்க் குழாய் உடைந்தால் நகராட்சி இப்படித்தான் எழுதும். உன் கடிதத்தை ஐவியிடம் வாசித்துக் காட்டினேன். "வக்கீல் நோட்டீஸா?" என்று கேட்டாள்.

அதிர்ச்சியாம் அதிர்ச்சி! அப்பாவின் மீன்பிடிக் கப்பல் திரும்பி வராத சேதியை வாசலில் நின்று கேட்டவள் அவள். மகள் வந்து நின்றாலா செத்துப்போவாள்? அவளைச் சிறிது சிறிதாகச் சாகடித்தது என்ன என்று நான் சொல்கிறேன், கேள்.

வியாழக்கிழமைதோறும் சாயங்காலம் ரேடியோவில் வருகிறாளே, மிஸஸ் நட்டல். லண்டன் ஆபீஸில் தரை துடைக்கிற, நம் ஊர்ப் பக்கத்து வடக்கத்திக் கிழவி. வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து, "காலத் தூக்கு, வெள்ளம் வருது!" என்பாள். உடனே நாடே சிரிக்கும். அவளாக நடிப்பது நீ என்று பத்திரிகையில் பார்த்ததும் நான்தான் பெருமையாக அம்மாவை ரேடியோ பக்கத்தில் உட்கார வைத்தேன்.

"காலத் தூக்கு, வெள்ளம் வருது." சனிக்கிழமை காலையில் நம் சமையலறைத் தரையைக் கழுவும்போது அம்மா சொல்வது. நீயும் நானும் நாற்காலிமேல் ஏறிக்கொள்வோம். அவள் இழுக்கிற மூச்சு, 'ரோடு' என்பதை 'ரேர்டு' என்பது, வாக்கியத்தின் கடைசியில் 'என்ன நாஞ்சொல்றது' என்று முடிப்பது, ஒன்று விடாமல் எடுத்துப் போய் ரேடியோவில் வைத்துவிட்டாய்.

முதல் வாரம் அம்மா சிரித்தாள். "அட, இது நான்ல!" என்றாள். இரண்டாவது வாரம் சிரிக்கவில்லை. மூன்றாவது வாரம் ரேடியோவை நிறுத்திவிட்டு, "நான் பேசுனா அவ்ளோ சிரிப்பாவா இருக்கு, ஹில்டா?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு பேச்சை மாற்ற ஆரம்பித்தாள். எழுபத்தோரு வயதில்! நிலக்கரிக்காரனிடம், "தயவுசெய்து இரண்டு மூட்டைகளை உள்ளே வைத்துவிடுகிறீர்களா?" என்றாள். அவன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்கம்மாவுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தான். நான் மீன் கொட்டகையில் காலை ஆறு மணியிலிருந்து ஐஸ் தண்ணீரில் கைவிட்டு மீன் கீறுகிறவள். அங்கே பெண்கள் நான் போனதும், "காலத் தூக்கு, நட்டலம்மா மக வர்றா" என்று கூவுவார்கள். அதைப் பொறுத்துக்கொண்டேன். அம்மா திருத்தமாகப் பேசியதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

உன்னிடமும் அந்தத் திருத்தமான பேச்சைத்தான் பேசினாளா? உண்மையைச் சொல்.

ஹில்டா


லண்டன்
1966 டிசம்பர் 2

ஹில்டா,

ஆமாம். அந்தப் பேச்சைத்தான் பேசினாள்.

இந்தக் கடிதத்தை நாலு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். எழுதினால் எல்லாம் 'வருந்துகிறேன்' என்றே வந்து நிற்கிறது. நடந்ததை அப்படியே சொல்லிவிடுகிறேன்.

வேலை இருந்ததால் அடக்கத்துக்கு வரவில்லை என்றேன், பொய். லீட்ஸிலும் ஒலிப்பதிவு ஒன்றும் இல்லை. அம்மாவைப் பார்க்கத்தான் வந்தேன். ரயிலில் வரும்போதே, "அம்மா, நான்தாம்மா, நம்ம தெல்மா" என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஹல் நெருங்க நெருங்க வாய்க்குள் முணுமுணுத்தும் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் மிஸஸ் நட்டல்தான் பேசினாள். எதிரே உட்கார்ந்திருந்த பாதிரியார் ஒருவர் சிரித்துவிட்டார். "ரேடியோவுல வர்ற அந்தம்மா மாதிரியே பேசுறீங்களே!" என்று பாராட்டினார்.

உனக்குத் தெரியாது, ஹில்டா. இங்கே வந்த முதல் இரண்டு வருஷம் நடிப்புப் பள்ளியில் பல்லுக்கு நடுவே பாட்டில் தக்கையைக் கடித்துக்கொண்டு பேசப் பழகினேன். நான் 'ரேர்டு' என்றால் வகுப்பே திரும்பிப் பார்க்கும். "மீன் வாடை உன் கையில் இல்லை, நாக்கில் இருக்கிறது" என்று ஆசிரியை சொன்னாள். கழுவினேன். நன்றாகக் கழுவினேன். பதினைந்து வருஷம் கழித்து ஒருவர், "உனக்கு வடக்கத்திப் பேச்சு வருமா?" என்று கேட்டபோது, யாரோ ஒருத்தியை நடித்துக் காட்டுவது போல அம்மாவை நடித்துக் காட்டினேன். எல்லாரும் கைதட்டினார்கள். அன்று எனக்கு வெட்கமாகவே இல்லை. அதுதான் இப்போது வெட்கமாக இருக்கிறது.

கதவைத் திறந்ததும் நான் வாயைத் திறந்தேன். மிஸஸ் நட்டல் தொண்டைவரை வந்துவிட்டாள். கண் தெரியாத தாய்க்கு எதிரில் நின்று அவளையே நடித்துக் காட்டுவதா? பயந்துபோய் என் லண்டன் குரலில், "வணக்கம், உள்ளே வரலாமா?" என்றேன். அவள் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு, "சங்கத்திலிருந்து வருகிறீர்களா? தயவுசெய்து உள்ளே வந்து அமருங்கள்" என்றாள்.

அடுப்புப் பக்கத்து நாற்காலியை வழக்கம்போல் சாய்த்து, அதன் குட்டைக் காலைத் தரைக்கல்லின் மேட்டில் நிறுத்தி உட்கார்ந்தேன். அவள் அலமாரியைத் தடவி ரோஜாப்பூக் கோப்பைகளை எடுத்தாள். "தேநீர் அருந்துவீர்களா?" என்றாள். மூடி கை தவறி விழுந்ததும், "அட சனியனே!" என்றாள். உடனே, "மன்னிக்க வேண்டும்" என்றாள். நான் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்குமோ என்னவோ.

பிறகு என்னைப் பற்றித்தான் பேசினாள். "எனக்கு இரண்டு பெண்கள். சின்னவ லண்டன்ல இருக்காங்க. ரேடியோவுல பேசுறாங்க. நல்ல குரல். குழந்தையிலயே அப்படித்தான், தெரு முனையில கூப்பிட்டா துறைமுகத்துல கேக்கும்." அவ்வப்போது பேச்சு நழுவி நம்முடைய பேச்சாகிவிடும், மறுபடி இழுத்துப் பிடித்துத் திருத்திக்கொள்வாள். "அவங்க வந்தா இந்தக் கோப்பையிலதான் குடுப்பேன். அவங்களுக்கு ரெண்டு கரண்டி சர்க்கர வேணும்" என்றாள். எனக்கு எவ்வளவு வேண்டும் என்று கேட்காமலே இரண்டு கரண்டி போட்டுத் தந்தாள். நான், "உங்கள் மகள் அதிர்ஷ்டசாலி" என்றேன். எப்படிப்பட்ட வாய் பார், என் வாய்!

சொல், சொல் என்று உள்ளே அடித்துக்கொண்டது. கடிகாரத்தைப் பார்த்தேன். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டேன்.

இதை மட்டும் உன்னிடம் குறையாகச் சொல்கிறேன், தப்பாக நினைக்காதே. வாசலில், "சரி, நான் போகிறேன், குட்பை" என்று சத்தமாகச் சொன்னேன். பாதிரியார் வந்து போனாலும், காப்பீட்டுக்காரன் வந்து போனாலும், காலடிச் சத்தம் தேய்கிறவரை படியில் நின்று கையாட்டுவாளே, கண் போன பிறகும் அப்படித்தான் என்று நீயே ஒரு கடிதத்தில் எழுதியிருந்தாய். எனக்கு ஆட்டவில்லை. ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் படியைவிட்டு இறங்குவதற்குள் முதுகைத் திருப்பிக் கதவைச் சாத்திவிட்டாள். நான் மட்டும் தெருவில் நின்று சாத்திய கதவுக்குக் கையாட்டினேன். இருபது வருஷத்துக்கு முன்னால் பெட்டியோடு லண்டனுக்குக் கிளம்பிய அன்றும் இதேதான், பாத்திரம் கழுவும் தொட்டியைப் பார்த்தபடி நின்றாள், திரும்பவே இல்லை. அன்று அது கோபம் என்று தெரியும். இந்தத் தடவை, முன்பின் தெரியாதவளுக்குக் கொடுக்கிற மரியாதைகூட எனக்குக் கிடைக்கவில்லையே என்று ரயிலில் அழுதுகொண்டே போனேன்.

அடக்கத்துக்கு நிஜமாக ஏன் வரவில்லை என்று நினைப்பாய். அங்கே ஆளாளுக்கு வந்து கையைப் பிடித்துப் பேசுவார்கள். நான் எந்தக் குரலில் பதில் சொல்வேன்?

தெல்மா


லண்டன்
1966 டிசம்பர் 28

ஹில்டா,

கிறிஸ்துமஸ் அட்டை அனுப்பினேன். பதில் இல்லை. நீ எழுதாமல் இருப்பது நியாயம்தான்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். மிஸஸ் நட்டல் இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நிகழ்ச்சி நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. தெற்கே எங்கோ பிறந்த ஒரு பெண்ணைப் போட்டுவிட்டார்கள். என் பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்டுக் கேட்டு அச்சாக அப்படியே பேசுகிறாளாம். போன வியாழக்கிழமை ரேடியோவைப் போட்டு உட்கார்ந்து கேட்டேன்.

அம்மாவின் காதில் என்ன விழுந்தது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. எங்கோ யாரோ ஒருத்தி, நம் தரையை ஒரு நாளும் மிதிக்காதவள், "காலத் தூக்கு, வெள்ளம் வருது" என்கிறாள். சிரிப்பு அலை அலையாக வருகிறது. திருப்பி வாங்கவும் முடியாது. நான்தான் கொடுத்தேன்.

திட்டியாவது எழுது.

தெல்மா


ஹல்
1967 ஜனவரி 22

நம்ம தெல்மாவுக்கு,

உன் டிசம்பர் இரண்டாம் தேதிக் கடிதம் வந்து ஏழு வாரம் ஆகிறது. வந்த அன்றே பதில் எழுதியிருக்கலாம். எழுதக் கூடாது என்றுதான் எழுதவில்லை. எழுதினால் உன் பாரம் இறங்கிவிடும், இறங்க வேண்டாம், கிடந்து தவிக்கட்டும் என்று கல்நெஞ்சாக உட்கார்ந்திருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், உன்னை அழவைத்து எனக்கு ஒரு சந்தோஷமும் கிடைக்கவில்லை.

அடி முட்டாளே! இருபது வருஷத்தில் அதையுமா மறந்துவிட்டாய்?

அப்பா கடலுக்குக் கிளம்புகிற காலையை நினைத்துப் பார். உனக்கு ஐந்து வயதுதான், ஆனாலும் கொஞ்சமாவது நினைவிருக்கும். டாக்ஸி வந்து நிற்கும். அப்பா தோளில் பையை மாட்டுவார். அம்மா என்ன செய்வாள்? பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொள்வாள். அவர் வாசலைத் தாண்டுவதற்குள் கதவைச் சாத்துவாள். அன்று முழுக்க ஒரு துணிகூடத் துவைக்க மாட்டாள். நம் தெருவில் எந்த வீட்டில் கையாட்டினார்கள்? எவள் குட்பை சொன்னாள்? கையாட்டினாலும், குட்பை சொன்னாலும், துணி துவைத்தாலும் ஆளை அலை வந்து கொண்டுபோய்விடும் என்பார்களே. திரும்பி வர வேண்டிய ஆளை யாராவது வழியனுப்புவார்களா?

கடலுக்குப் போகிற ஆம்பளைகளுக்கு மட்டும்தான் அது என்று நினைத்தாயா? நான் காசநோய் ஆஸ்பத்திரிக்குப் போன அன்றும் அம்மா எனக்கு முதுகைத்தான் காட்டினாள். ஆம்புலன்ஸ்காரன், "என்ன பொம்பள இவ?" என்று முனகினான். எனக்குத் தெம்பாக இருந்தது, தெல்மா. திரும்பி வருவேன் என்று தெரிந்துவிட்டது. நீ லண்டனுக்குக் கிளம்பிய அன்று அவளுக்கு உன்மேல் கோபமே இல்லை. நீ போன பிறகு தொட்டித் தண்ணீர் ஆறுகிறவரை அப்படியே நின்றாள். நான்தான் துண்டை எடுத்துக் கொடுத்தேன்.

பாதிரியாருக்குக் கையாட்டுவாள். காப்பீட்டுக்காரனுக்கு ஆட்டுவாள். சங்கத்திலிருந்து நிஜமாகவே ஒரு அம்மா மாதம் ஒரு முறை வருவாள், அவளுக்கும் ஆட்டுவாள். ஊரார் அவர்கள். வந்தாலென்ன, வராவிட்டாலென்ன? உனக்கு ஆட்டவில்லை. கதவைச் சாத்தினாள்.

நீ யார் என்று அவளுக்குத் தெரியும்.

எப்போது தெரிந்துகொண்டாளோ, எனக்குத் தெரியாது. அந்த நாற்காலியைச் சாய்த்து, குட்டைக் காலை மேட்டில் நிறுத்த வெளியாள் யாருக்குத் தெரியும்? சங்கத்து அம்மா இரண்டு தடவை குப்புற விழப்பார்த்தாள். இரண்டு கரண்டி சர்க்கரையை யார் சொல்லிப் போட்டாள்? கதவைத் திறந்ததும் கொஞ்ச நேரம் நின்றாள் என்றாயே, அப்போதே தெரிந்திருக்கும். ஒரு மணி நேரம் உனக்கு வழிவிட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். நீ லண்டன் குரலில் வந்துவிட்டாய், தான் கொச்சையாகப் பேசினால் உனக்கு வெட்கமாக இருக்குமோ என்று அவள் திருத்தமாகப் பேசினாள். அவள் பேச்சை எடுத்தால் அவளுக்கு வலிக்குமோ என்று நீ லண்டன் குரலில் பேசினாய். இரண்டு பேரும் அவ்வளவு மரியாதையாக உட்கார்ந்து டீ குடித்திருக்கிறீர்கள்.

இனிமேல் எழுதப்போவதுதான் என் பாரம்.

அம்மா அந்த ரேடியோவை நிறுத்திய நாளிலிருந்து உன் பேரை இந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தேன். ஒருநாள் அவள், "நம்ம தெல்மா..." என்று ஆரம்பித்தபோது, "நம்ம தெல்மா செத்துட்டா, ரேடியோவுல இருக்கிறது வேற எவளோ" என்று கத்தினேன். அதற்குப் பிறகு அவள் உன் பேரை எடுக்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் வந்தபோது அவள் முகம் மலர்ந்திருந்தது. சங்கத்து அம்மா வந்தாள் என்று சொன்னாள். "நாளைக்கு நம்ம வீட்டுக்கு அவங்க மறுபடி வந்தா, நீ வேல இல்லாத நாளா வந்தா, நல்லாப் பேசுவியா ஹில்டா?" என்று கேட்டாள். எனக்குக் கையெல்லாம் வெடித்து எரிந்துகொண்டிருந்தது. "அப்படி நாக்கச் சுழட்டிப் பேசுறவளுங்க எவளும் இந்தப் படி ஏறக் கூடாது. ஏறுனா நானே வெளிய தள்ளுவேன்" என்றேன்.

அவள், "சரிடி, சரி" என்றாள். கோப்பைகளை அவளே கழுவி வைத்தாள். மூன்று வாரமும் ஒன்றும் சொல்லவில்லை. நீ வந்தாய் என்று அவள் என்னிடம் சொல்லாமல் போனதற்கு உன் குரல் காரணமில்லை, தெல்மா. என் வாய்.

நீ திரும்பி வருவாய் என்றுதான் கதவைச் சாத்தினாள். வந்தால் உள்ளே விடுவேனா என்று என்னிடம் கேட்டாள். நான் விடமாட்டேன் என்றேன்.

வா. உனக்குப் பிடித்த நாளில் வா. எந்தக் குரலில் வேண்டுமானாலும் பேசு.

ஹில்டா


லண்டன்
1967 ஜனவரி 26

நம்ம ஹில்டாவுக்கு,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு நாள் முழுக்கக் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

அவள் கேட்க வேண்டும் என்றுதான் அன்று அவ்வளவு சத்தமாகக் குட்பை சொன்னேன். அவள் கேட்டிருப்பாள். அதை என்ன செய்வது என்று தெரியவில்லை. கையாட்டியதை அவள் பார்க்கவில்லை, அது ஒன்றுதான் ஆறுதல்.

இன்று கண்ணாடி முன்னால் நின்று, "அம்மா, நான்தாம்மா, நம்ம தெல்மா" என்று நம் பேச்சில் சொல்லிப் பார்த்தேன். இன்னும் மிஸஸ் நட்டல்தான் வருகிறாள். நம் பேச்சு இனி எனக்குத் திரும்பாது என்று நினைக்கிறேன். நான் பேசுகிற மாதிரியே வந்து பேசுகிறேன், பொறுத்துக்கொள். ஐவி சிரித்தால் சிரிக்கட்டும்.

சனிக்கிழமை மத்தியான ரயிலில் வருகிறேன். முதலில் அம்மாவிடம் போகலாம். பிறகு வீடு. உன் கை வெடிப்புக்கு மருந்து வாங்கி வைத்திருக்கிறேன். கோப்பையை எடுத்து வை, நானே கழுவுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் கிளம்ப வேண்டும். அப்போது வாசலுக்கு வராதே, ஹில்டா. பேசாதே, கையாட்டாதே. நான் படியிறங்குவதற்குள் கதவைச் சாத்திவிடு.

தெல்மா